டிவியில் பேச்சு ஏன் புரிவதில்லை? சவுண்ட்பார் வாங்கப் போகும் முன்

டெல்டா பக்கத்து வீடுகளில் டிவி வருடா வருடம் பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. அதன் குரல் மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது. 2006-ல் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியை நினைத்துப் பாருங்கள். படம் சின்னது, பெட்டி பெருத்தது. ஆனால் செய்தி வாசிப்பவர் சொன்னது அடுப்படி வரை கேட்டது. இப்போது அதே கூடத்தில் 43 அங்குலம் சுவரில் தொங்குகிறது. கதாநாயகன் நெற்றியில் வியர்வைத் துளி வரை தெரிகிறது. “என்னடா சொல்றான் அவன்?” என்று பாட்டி கேட்கிறார். பேரன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுகிறான். அடுத்த நொடி சண்டைக் காட்சி வந்துவிடுகிறது. “கொறைடா, தெருவுக்கே கேக்குது!” என்று உள்ளேயிருந்து அம்மா.

இதற்கு மருந்து சவுண்ட்பார், அதாவது டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர் பெட்டி, என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ கடைக்குப் போனால் “பேஸ் பாருங்க சார்” என்று தரை அதிர ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுவார்கள். வாங்கி வந்து மாட்டுகிறோம். வீட்டிலும் தரை அதிர்கிறது. பாட்டியின் கேள்வி மட்டும் மாறுவதில்லை. டிவியிடம் நமக்குக் குறைவது பேச்சுத் தெளிவு. அதைச் சரிசெய்யும் பார் எது, அதிர்வை மட்டும் கூட்டும் பார் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் செலவும் குறையும், வீட்டில் ரிமோட் சண்டையும் குறையும்.

முதலில் கோளாறு எங்கே என்று பார்ப்போம். டிவியின் அடிவிளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். இரண்டு ஓரங்களிலும் பொடிப் பொடியாகத் துளைகளோ நீளவாக்கில் ஒரு கீறலோ தட்டுப்படும். சில மாடல்களில் அது முதுகுப் பக்கம் இருக்கும். ஸ்பீக்கரின் வாய் அதுதான். திரையைச் சுற்றிச் சட்டமே தெரியக்கூடாது, பெட்டி ஒல்லியாக இருக்க வேண்டும் என்று கம்பெனிகள் போட்டி போட்டதில் முன்பக்கம் ஸ்பீக்கருக்கு இடமில்லாமல் போனது. உள்ளங்கையில் அடங்கும் நீள்வட்ட ஸ்பீக்கர் இரண்டைத் தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ பொருத்திவிடுகிறார்கள். அட்டையில் பெரும்பாலும் 20 வாட் என்று போட்டிருக்கும், பக்கத்துக்குப் பத்து. ஒரு கூடத்துக்கு அது குறைச்சல் ஒன்றும் இல்லை. ஸ்பீக்கர் நம் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, அதுதான் சங்கதி.

கடைக்காரர் சொல்லும் ‘பேஸ்’, அதாவது கனமான ஒலி, அதுவும் டிவியில் வராது, உண்மைதான். அதற்கு நிறையக் காற்று அசைய வேண்டும். அகலமான கூம்பும் அதன் முதுகில் காற்றுக்கு இடமும் வேண்டும். நாகஸ்வரத்தில் இது கண்ணுக்கே தெரியும். திமிரி என்ற வகை குட்டை, சுருதி ஏறியிருக்கும். பாரி என்ற வகை நீளம், சுருதி இறங்கி நிற்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பாரியைக் கையில் எடுத்த பிறகுதான் அந்தக் கனம் மேடைகளில் நிலைத்தது. இரண்டு அங்குலத் தடிமன் உள்ள பெட்டிக்குள்ளிருந்து பாரி கேட்காது.

ஆனால் பேஸ் குறைந்தால் பாட்டு சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். பேச்சு புரியாமல் போவதற்குக் காரணம் வேறு. ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். ஆணின் குரலில் அடிநாதம் சுமார் 85 முதல் 180 ஹெர்ட்ஸ். பெண்ணுக்கு 165 முதல் 255. அது குரலின் கனத்தைத்தான் சொல்லும். ‘பல்’லா ‘கல்’லா, ‘படி’யா ‘தடி’யா என்று காட்டிக்கொடுப்பவை மெய்யெழுத்துகள். அவற்றை அடையாளம் காட்டும் ஒலியில் பெரும்பங்கு 2,000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கிறது. பழைய தொலைபேசி சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. அடிநாதமே போய்ச் சேராத அந்தக் கம்பியில் பேசித்தான் துபாயில் இருந்தவரும் மன்னார்குடியில் இருந்தவரும் கல்யாணம் நிச்சயம் செய்தார்கள். ஒரு வார்த்தை மாறவில்லை.

இந்த மேல் அலைவரிசைக்கு ஒரு குணம் உண்டு. ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் முழுசாகப் போகும். கீழ் அலைவரிசை வளைந்து நெளிந்து எங்கும் பரவும். ஆகவே தரையைப் பார்க்கும் ஸ்பீக்கரிலிருந்து குரலின் கனம் நம்மிடம் வந்துவிடுகிறது; மெய்யெழுத்துகள் ஸ்டாண்டிலும் சுவரிலும் மோதிச் சிதறி, கொஞ்சம் தாமதமாக, மங்கலாக வருகின்றன. வயதாகும்போது காது முதலில் இழப்பதும் இதே மேல் அலைவரிசையைத்தான். “சத்தம் கேக்குது, பேச்சுதான் புரியல” என்று பாட்டி சொல்வது அப்படியே உண்மை. அவருக்காகச் சத்தத்தைக் கூட்டினால் ஏற்கெனவே கேட்கிற பகுதிதான் இன்னும் கூடுகிறது.

இதற்குச் சாட்சி ஊரிலேயே இருக்கிறது. ஆடி மாதம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தென்னை மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரைக் கேளுங்கள். பேஸ் என்பது அதில் மருந்துக்கும் கிடையாது. ஆனாலும் ‘பதினோரு மணிக்குக் கஞ்சி ஊற்றப்படும்’ என்று மைக்கில் சொல்வது இரண்டு வயல் தள்ளி நாற்று பறிப்பவர்களுக்கும் வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். பேச்சுக்கு வேண்டிய அலைவரிசையை மட்டும் அது ஒரே பக்கமாகக் குவித்து அனுப்புகிறது. (ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் வருட ஒலி மாசு விதிகள் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம்.)

பழியை முழுக்க டிவி மேல் போடவும் முடியாது. சினிமாவுக்கும் ஓடிடி தொடர்களுக்கும் ஒலியைப் பெரும்பாலும் 5.1 ஆகக் கலக்கிறார்கள். முன்னால் இடம், நடு, வலம், பின்னால் இரண்டு, அந்த ‘.1’ அடி அதிர்வுக்கு. வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் உட்கார்ந்திருக்கும். டிவியில் நடு ஸ்பீக்கர் கிடையாது. அதனால் அந்தச் சேனலை வழக்கமாக 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைத்து இடம், வலம் இரண்டிலும் கலந்துவிடுகிறார்கள். அங்கே ஏற்கெனவே பின்னணி இசையும் மழையும் லாரி சத்தமும் குடியிருக்கின்றன. போதாததற்கு, தியேட்டரை மனதில் வைத்துக் கலந்த ஒலியில் முணுமுணுப்புக்கும் வெடிச்சத்தத்துக்கும் இடைவெளி மிகப் பெரிது. தியேட்டரில் தலைக்கு மேல் மின்விசிறி ஓடாது, பக்கத்து அறையில் மிக்ஸி ஓடாது. சீரியலில் இந்தத் தொல்லை குறைவு. அது டிவிக்கென்றே கலக்கப்படுகிறது.

எனவே பர்ஸைத் திறக்கும் முன் டிவியின் ஒலி அமைப்புகளுக்குள் ஒரு தடவை போய்வாருங்கள். ‘கிளியர் வாய்ஸ்’, ‘ஸ்பீச்’ என்று ஏதாவது ஒரு பெயரில் பேச்சைத் தூக்கிக் காட்டும் வசதி அநேகமாக எல்லா டிவியிலும் இருக்கும். ‘சரவுண்ட்’ என்று இருப்பதை அணைத்துவிடுங்கள்; இரண்டு சின்ன ஸ்பீக்கரில் அது பேச்சைக் குழப்பத்தான் செய்யும். ‘நைட் மோட்’, ‘ஆட்டோ வால்யூம்’ என்பவை வெடிச்சத்தத்தை அமுக்கி முணுமுணுப்பை உயர்த்தும். ஓடிடி செயலியில் ஒலியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 5.1-க்குப் பதில் ஸ்டீரியோ இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். டிவி மேஜை மேல் உள்தள்ளி இருந்தால் விளிம்பு வரை இழுத்து வையுங்கள், ஒலி பலகையில் மோதுவது குறையும். சில வீடுகளில் இதோடு வேலை முடிந்துவிடும்.

வீட்டின் கட்டுமானமும் பேசும்

புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீட்டில் தரைக்கு டைல்ஸ், சுவருக்கு வழவழப்பான பட்டி, ஜன்னலுக்குத் திரைச்சீலை கிடையாது. கைதட்டினால் ‘டங்’ என்று திரும்பி வரும். அங்கே எந்த ஸ்பீக்கர் வைத்தாலும் முதல் எழுத்தின் எதிரொலி இரண்டாம் எழுத்தின் மேல் ஏறிக்கொள்ளும். கனமான திரைச்சீலை, மெத்தை போட்ட திவான், தரையில் ஒரு ஜமுக்காளம், இவை மூன்றும் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து வாங்கும் பாரை விட அதிக நன்மை செய்யும். அறுப்பு முடிந்து நெல் மூட்டை அடுக்கியிருக்கும் நாட்களில் கூடத்தில் டிவி தெளிவாகக் கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிடுகின்றன.

பழைய ஓட்டு வீட்டில் கதை நேர்மாறு. முற்றம் திறந்து கிடக்கிறது, ரேழி நீண்டு கிடக்கிறது. ஒலி வெளியே ஓடிவிடும், திரும்பி வராது. தடை இல்லாத வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஊஞ்சலில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு எதிரொலித் தொல்லை இல்லை. ஒலியே பாதி வழியில் நின்றுவிடுகிறது. இந்த மாதிரி வீட்டுக்கு நேராக முன்னால் பார்க்கும் ஸ்பீக்கர்தான் வழி, கூடவே நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துவதும்.

ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். டால்பி அட்மாஸ் பாரில் மேல்நோக்கிய ஸ்பீக்கர்கள் இருக்கும். ஒலியைக் கூரையில் அடித்துத் தலைக்கு மேலிருந்து வருவது போலக் காட்டுவது அவற்றின் வேலை. அதற்குக் கூரை சமதளமாக, ரொம்ப உயரமில்லாமல் இருக்க வேண்டும். சரிந்த ஓட்டுக் கூரையில் அடித்த ஒலி எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. குறைந்த விலை பார்களில் பெரும்பாலும் அந்த மேல்நோக்கிய ஸ்பீக்கரே இருக்காது. அட்மாஸ் என்ற பெயர் மட்டும் அட்டையில் இருக்கும், உள்ளே நடப்பது கணக்கு வித்தை. அந்தப் பெயருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கடையில் எதைக் கேட்பது

வாட் கணக்கில் மயங்காதீர்கள். வாட் இரட்டிப்பானால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 80 வாட்டுக்கும் 160 வாட்டுக்கும் விலையில் இருக்கும் வித்தியாசம் காதில் இருக்காது. அதிலும் மொத்த வாட்டில் பெரும்பங்கு சப்வூஃபருக்கு, அதாவது அடி அதிர்வுக்கான ஸ்பீக்கருக்கு, போயிருக்கும். ‘பிஎம்பிஓ’ (கணநேர உச்சக் கணக்கு) என்று ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தால் அந்த எண்ணை மறந்துவிட்டு ‘ஆர்எம்எஸ்’ (தொடர்ந்து தரக்கூடிய வாட்) எவ்வளவு என்று கேளுங்கள்.

வாட்டை விட எத்தனை சேனல் என்பதுதான் முக்கியம். 2.0 என்றால் இடம், வலம் மட்டும். 2.1 என்றால் அத்துடன் சப்வூஃபர். 3.1-ல் நடுவில் பேச்சுக்கென்றே ஒரு ஸ்பீக்கர் சேரும். கலக்கும்போது நடுவில் வைத்த வசனம் நடுவிலேயே வெளிவரும், அதை மட்டும் தனியாகக் கூட்டவும் பல பார்களில் வசதி உண்டு. நம் ஊர்க் கடைகளில் 3.1 அபூர்வம். அதற்குப் பதில் 5.1 என்று விற்பவற்றில் பாருக்குள்ளேயே நடு ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பார்க்கலாம். அதோடு வரும் பின் ஸ்பீக்கர் இரண்டுக்கும் கம்பி இழுக்க இடமில்லாமல், பல வீடுகளில் அவை டிவிக்குப் பக்கத்திலேயே காவல் நிற்கின்றன. பின்னால் வைக்க முடியாதென்றால் அந்தக் காசு வீண். விலை சொல்வதானால், சாதா பார் இரண்டு மூவாயிரத்தில் தொடங்கும், தனி சப்வூஃபருடன் ஐந்திலிருந்து பத்தாயிரம், நடுச் சேனல் உள்ளது பெரும்பாலும் அதற்கு மேல். பார்ப்பது முக்கால்வாசி செய்தியும் சீரியலும் என்றால், முன்பக்கம் பார்க்கும் ஸ்பீக்கரும் பேச்சு மோடும் உள்ள சாதா பாரே போதும். சப்வூஃபரை விட்டுவிட்டு அந்தக் காசில் நல்ல பார் வாங்குவது மேல்.

கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அது அந்தப் பாரை விற்பதற்காகத் தேர்ந்தெடுத்த பாட்டு. “அண்ணே, ஒரு செய்தி சேனல் போடுங்க” என்று கேளுங்கள். பிறகு ஒலியைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள். நல்ல பாரில் சத்தம் தேயும்போதும் வார்த்தை கலையாது. மோசமான பாரில் பாதியிலேயே ‘மொணமொண’வென்று ஆகிவிடும். அடுத்து தவில் தனியாவர்த்தனம் ஒன்றைப் போடுங்கள். விரலில் கூடு மாட்டி வாசிக்கும் பக்கமான வலந்தலையின் சொற்கள் ஒவ்வொன்றும் பிரிந்து கேட்க வேண்டும், கழியால் அடிக்கும் மறுபக்கமான தொப்பி அவற்றை மூடாமல் கீழே நிற்க வேண்டும். தொப்பி மட்டும் ‘தும் தும்’ என்று கூடத்தை நிறைத்தால் அந்த சப்வூஃபர் பேச்சையும் இப்படித்தான் மூடும். திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனை பாடும் பதிவு ஒன்று போனில் இருந்தால் அதுவும் நல்ல சோதனை. நூற்றுக்கணக்கானவர் சேர்ந்து பாடும்போது சாகித்யத்தின் எழுத்துகள் காதில் விழுகின்றனவா, வெறும் இரைச்சலாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

மாட்டுவது

டிவியின் பின்னால் எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் ‘ஏஆர்சி’ என்று எழுதியிருக்கும். பாரின் கேபிள் அதில்தான் போக வேண்டும். வேறு துளையில் சொருகிவிட்டு “பார் டெட்” என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. 2009-ல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்த வசதி இது. டிவிக்கு வரும் எல்லா ஒலியும், கேபிள் பெட்டியானாலும் ஓடிடியானாலும், அதே கம்பி வழியாகப் பாருக்குப் போகும். டிவி ரிமோட்டிலேயே பாரின் சத்தத்தையும் மாற்றலாம், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதுவே பெரிய நிம்மதி. ஏஆர்சி இல்லாத பழைய டிவிக்கு, ஒலியை வெளிச்சமாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிள். ப்ளூடூத் கடைசி வழி. அதில் ஒலி பல சமயம் 100 முதல் 200 மில்லிசெகண்ட் பின்தங்கும். ஒலி 125 மில்லிசெகண்டுக்கு மேல் பிந்தினால் பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை சொல்கிறது. உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று டப்பிங் படம் மாதிரி ஆகிவிடும்.

மாட்டியும் சத்தம் வரவில்லை என்றால் டிவியில் ‘டிஜிட்டல் அவுட்புட்’ என்ற இடத்தைப் பாருங்கள். டால்பி என்ற சுருக்கிய ஒலி வடிவத்தைப் புரிந்துகொள்ளாத மலிவு பாருக்கு டிவி டால்பியாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். சுருக்காத வடிவமான ‘பிசிஎம்’ என்று மாற்றினால் பேசிவிடும். ஆப்டிகலோ ப்ளூடூத்தோ என்றால் டிவியின் சொந்த ஸ்பீக்கரை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து எதிரொலிக்கும்.

பாரை டிவி மேஜையின் முன்விளிம்பில், முன்னால் எதுவும் மறைக்காமல் வையுங்கள். அலமாரித் தட்டுக்குள் தள்ளினால் டிவி ஸ்பீக்கரின் அதே நோய் இதற்கும் வரும். சப்வூஃபர் எங்கே இருந்தாலும் பரவாயில்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதுக்குப் பெரிதாகத் தெரியாது. மூலையில் வைத்தால் அதிர்வு கூடும். அக்கிரகாரம் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருவாக இருந்தால் அந்த அதிர்வு பக்கத்து வீட்டுக்காரரின் கட்டிலுக்கும் போய்ச் சேரும். சப்வூஃபரின் காற்றுத் துளைக்குள் பல்லியும் எலியும் குடிபோகும். துளையை அடைத்துவிடாமல், மேலே கொசுவலைத் துணி ஒன்றை ஒட்டிவிடுவது நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி மின்னல் வரும்போது பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. மரத்துக்கு மரம் தாவி வரும் கேபிள் டிவி கம்பி வழியாகவும் மின்னல் அழுத்தம் உள்ளே வரும். அது செட்டாப் பாக்ஸ், டிவி, எச்டிஎம்ஐ என்று வரிசையாகப் போய் பாரையும் தொடும். அந்தக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் ஆப்டிகலுக்குத்தான் என் ஓட்டு. அதற்குள் ஓடுவது வெளிச்சம். மின்சாரம் அதன் வழியே தாண்டாது. அடிக்கடி இடி விழும் பகுதியில் இருப்பவர்கள் ரிமோட் வசதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இதையே போடலாம். அப்புறம், வாங்கும்போது பாரின் மேலேயே சத்தம் கூட்டிக் குறைக்கும் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். ரிமோட் தொலைந்தால் பட்டன் இல்லாத பார் வெறும் கட்டைதான்.

பரணில் பழைய அசெம்பிள் ஆம்ப்ளிஃபையரும் மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டும் கிடந்தால், புது பார் வாங்கும் முன் அதைத் தூசி தட்டிப் பாருங்கள். டிவியின் இரண்டு பக்கமும் காது மட்டத்தில் நம்மைப் பார்த்து வைத்த இரண்டு பெட்டிகள், மூவாயிரம் ரூபாய் பாரை அநேகமாக ஜெயித்துவிடும். புது டிவி பலவற்றில் ஆடியோ அவுட் துளை இருக்காது. ஆப்டிகலைப் பழைய ஆம்ப்ளிஃபையர் ஏற்கும் ஆடியோவாக மாற்றும் சின்னக் கன்வெர்ட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்த மலிவு கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் பிசிஎம் மட்டுமே எடுக்கும் என்பதால் டிவியிலும் பிசிஎம் என்றே வைத்துவிடுங்கள்.